மதில், மடப்பள்ளி, அன்னதானக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் பெங்களூரு கோயிலின் மேற்கு மதில், புது மடப்பள்ளி, அன்னதானக் கூடம் ஆகிய மூன்றிலும் கட்டு வேலையும் பூச்சு வேலையும் நிறைவடைந்துவிட்டன. கருவறையிலும் விமானத்திலும் இந்தத் திருப்பணியில் கை வைக்கவில்லை. புதிதாக எழும்பியவை எல்லாம் சாலிட் பிளாக், அதாவது உள்ளே பொள்ளல் இல்லாத கான்கிரீட் கல், வைத்த கட்டு. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இங்கே நாங்கள் எழுதுவது பூச்சுக்குள் மறைந்துபோன வேலையைப் பற்றி. நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அதில்தான் போயிருக்கிறது, இனி அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

ஹாலோ பிளாக் வைத்தால் செலவும் எடையும் குறையுமே என்று சிலர் கேட்டீர்கள். குறையும் என்பது உண்மைதான். ஆனால் கோயில் சுவரில் மணி, விளக்கு, திரை, பலகை என்று ஏதாவது மாட்டிக்கொண்டே இருப்போம். உள்ளே பொள்ளலாக இருக்கும் கல்லில் ஆணி பிடிக்காது. உள்ளே காற்றுக் குமிழிகளோடு வார்க்கும், எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் தண்ணீரை அதிகம் குடிக்கும் என்பதால் மடப்பள்ளிக்கும் மழையில் நிற்கும் மதிலுக்கும் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூடத்தின் வெளிச்சுவருக்கும் மடப்பள்ளிக்கும் எட்டு இஞ்சு, மதிலுக்கு ஆறு இஞ்சு, கழிவறைத் தடுப்புகளுக்கு நாலு இஞ்சு சாலிட் பிளாக் எடுத்தோம்.

பிளாக் சுவர் விரிசல் விடுவதற்கு முதல் காரணம் பச்சைக் கல். வார்த்த கல் உலர உலரச் சுருங்கும். அந்தச் சுருக்கம் களத்திலேயே முடிந்திருக்க வேண்டும். முடியாத கல்லைச் சுவரில் வைத்தால் சுவரே சுருங்கி, கற்களுக்கு நடுவே கலவை நிற்கும் சந்து வழியாகப் படிக்கட்டுப் போல விரிசல் இறங்கும். அதனால் 14 நாள் கியூரிங் (ஈரத்தில் வைத்து இறுக விடுவது) ஆகி, அதன்பின் நான்கு வாரம் காய்ந்த கல் மட்டுமே வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதினோம். வண்டியில் வந்த கல் கறுத்து ஈரமாக இருந்தால் இறக்காமல் திருப்பி அனுப்பினோம். ஒவ்வொரு லோடிலும் சில கற்களை ஆணியால் கீறிப் பார்த்தோம். தூள் கொட்டினால் சிமெண்ட் குறைவு என்று அர்த்தம். இவற்றோடு, கான்கிரீட் கல்லுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2185-இன்படி எட்டுக் கற்களைப் பரிசோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்த்தோம். நாங்கள் கேட்ட தரத்துக்குச் சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் இருக்க வேண்டும். தனிக்கல் எதுவும் 4-க்குக் கீழே போகக் கூடாது. நீர் உறிஞ்சலுக்கு மூன்று கற்களின் சராசரி பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உலர்ந்தபோது 25 கிலோ இருக்கும் கல், 24 மணி நேரம் ஊறிய பிறகும் 27.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்லில் கை பழகிய கொத்தனார் கல்லை நனைத்துவிட்டுத்தான் வைப்பார். செங்கல்லுக்கு அது சரி. பிளாக்கை ஊறவைத்தால் காய்ந்து சுருங்கியிருந்த கல் மறுபடி விரிந்து, சுவரில் போய் மறுபடி சுருங்கும். நல்ல வெயிலில் மேல்முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளிக்க மட்டும் அனுமதித்தோம். தளத்தில் கல்லைத் தரைக்கு மேலே பலகை போட்டு அடுக்கித் தார்பாலின் மூடினோம். பெங்களூரு மழை சொல்லிக்கொண்டு வராது என்பதால், அன்றன்று கட்டிய சுவரின் தலையையும் மாலையில் மூடிவிட்டே ஆட்கள் கிளம்பினார்கள்.

கலவை கல்லைவிட வலுவாக இருக்கக் கூடாது. சிமெண்டைக் கூட்டினால் சுவர் பலப்படும் என்பது தவறான எண்ணம். கலவையின் வலு மிஞ்சினால் விரிசல் சந்தோடு நிற்காமல் கல்லையே பிளக்கும். ஆறு, எட்டு இஞ்சுச் சுவர்களுக்கு 1:6 (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்), நாலு இஞ்சுக்கு மட்டும் 1:4 என்று வைத்தோம். பாண்டுச் சட்டிக் கணக்கில் எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிய மணல்) போட விடவில்லை. ஒரு மூட்டை சிமெண்டின் கன அளவு 35 லிட்டர். அதற்குச் சமமாக 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்தில் மரப்பெட்டி செய்து, மூட்டைக்கு ஆறு பெட்டி தலைதட்டி அளந்து போடச் சொன்னோம். ஈர மணல் உப்பிக் காட்டும் என்பதால் மழை பெய்த மறுநாள் பெட்டிக் கணக்கைச் சற்றுக் கூட்டினோம். ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய கலவையை மட்டும் கலந்தார்கள். இறுகிப்போன கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதை அறவே தடுத்தோம்.

மேற்கு மதில் 40 மீட்டர். பழைய சுவர் சாய்ந்ததற்குக் காரணம், மேட்டுப் பக்கத்து மண் மழைநீரைக் குடித்துக்கொண்டு சுவரைத் தள்ளியதும், அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனதும்தான். புதுச் சுவரில் மண்ணைச் சாய விடவில்லை; ஓரமாக வடிகால் எடுத்து, பிளிந்த் பீமுக்கு (அடித்தளத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பீம்) மேல் முதல் வரிசையிலேயே நீர்த்துளைகள் விட்டிருக்கிறோம். பத்து மீட்டருக்கு ஒரு விரிவுச் சந்து (சுவர் விரிந்து சுருங்க விடும் இடைவெளி) என்று நான்கு துண்டுகள், துண்டுக்கு ஐந்து தூண், ஆக 20 தூண்கள். தூணின் அகலம் கழித்தால் கட்டு நீளம் 36 மீட்டர். இரண்டு மீட்டர் உயரத்துக்கு 72 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கல் வீதம் 900. உடைசலும் சேர்த்து 950 வாங்கினோம். சந்து பத்து மில்லிமீட்டர் இருந்தால் இந்தக் கட்டுக்கு ஐந்து மூட்டை சிமெண்டுதான், சேதாரத்தோடு ஆறு. இந்தக் கணக்கை நாங்கள் கையில் வைத்திருந்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. சிமெண்ட் எகிறினால் சந்து தடித்துவிட்டது என்று பொருள். தடித்த சந்து அதிகம் சுருங்கும்.

தூண்களிலிருந்து மூன்று வரிசைக்கு ஒரு கம்பி நீட்டி, கட்டின் சந்துக்குள் படுக்கவைத்திருக்கிறோம். சந்தில் ஆட்கள் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு: பக்கத்துக் கற்களுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் சந்து. படுக்கைச் சந்தைக் கலவை இல்லாமல் யாராலும் வைக்க முடியாது. நிற்கும் சந்தைக் காலியாக விட்டு வெளியே மட்டும் கரண்டியால் தடவிவிட்டால் பார்வைக்கு நிறைந்திருக்கும், மழையில் உள்பக்கம் ஓதம் தெரியும். கல்லை வைப்பதற்கு முன்பே அதன் பக்க முகத்தில் கலவை அப்பி, பக்கத்துக் கல்லோடு தட்டிச் சேர்க்க வைத்தோம். வைத்த கல் கலவை பிடித்தபின் நகர்ந்துவிட்டால் தட்டிச் சரிசெய்யக் கூடாது. எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மூலைகளை முதலில் ஏற்றி, நூல் கட்டி, வரிசைக்கு வரிசை ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரிசை, அதாவது ஒரு மீட்டர், அதோடு நிறுத்தம். அதற்கு மேல் போனால் அடிச்சந்தில் பச்சைக் கலவை நசுங்கும். காற்றடித்தால் சுவரே சாயும்.

கூடத்தில் தூணும் பீமும்தான் பாரம் தாங்குகின்றன, சுவர் அடைப்பு மட்டுமே. அதனால் பீமுக்கு அடியில் சுவரை முட்டக் கட்டவில்லை. இடைவெளி விட்டு, இரண்டு வாரம் சுவரை அமர விட்டு, அதன்பிறகு கலவை வைத்து இறுக்கினோம். உடனே அடைத்திருந்தால் சுவர் அமரும்போது பீமின் அடியில் நேர்கோடாக விரிசல் தெரிந்திருக்கும். தூணும் கல்லும் சேரும் இடங்களில் 20 செ.மீ. அகலத்துக்குக் கோழிவலை அடித்துப் பூசியிருக்கிறோம். நாலு இஞ்சுத் தடுப்புகளில் ஒரு மீட்டருக்கு ஒரு பட்டை பீம், இரண்டு 8 மி.மீ. கம்பியோடு போகிறது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு இஞ்சுக் கல் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். அதை ஒரே சித்தாள் தலையில் ஏற்றிச் சாரத்தின் மேல் கொண்டுபோகும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்தினோம். தோள் உயரத்துக்கு மேல் இருவராகத் தூக்க வேண்டும். சாரத்துக்குக் கல்லை ஏற்றக் கயிற்றுக் கப்பி. கொத்தனாருக்கு உடனே வேண்டிய கல் மட்டும் பலகையில். அடுக்கு ஆறு வரிசைக்கு மேல் போகவில்லை. புதுச் சுவர் மீதோ தோண்டிய குழியின் விளிம்பிலோ அடுக்கவும் விடவில்லை. சாரத்தின் கட்டையைச் சுவரில் சொருகாமல் இரட்டைக் கால் சாரம் போட்டோம். கல்லை இயந்திரத்தில் அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. தண்ணீர் ஊற்றியபடிதான் அறுத்தார்கள், முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வந்து நமக்காக உழைத்தவர்கள் முழு உடலோடு ஊர் திரும்பியதை இந்தத் திருப்பணியின் நிறைவாகவே குழு கருதுகிறது.

இனி உறுப்பினர்களிடம் கேட்டுக்கொள்வது. திருவிழாப் பந்தலின் கயிற்றை மதிலிலோ அதன் தூணிலோ கட்டாதீர்கள். பந்தலுக்குத் தனியாகக் கால் நட இடம் ஒதுக்கியிருக்கிறோம். உபயதாரர் பெயர்ப் பலகைகள் எட்டு இஞ்சுச் சுவரில் மட்டும், இயந்திரத்தால் துளைத்து மாட்டப்படும். உளியும் சுத்தியும் வேண்டாம். வயர் போடப் படுக்கை வாட்டில் சுவரை வெட்டக் கூடாது. குழாய்கள் செல்லும் பாதையின் வரைபடம் அலுவலகத்தில் இருக்கிறது. மழைக்கு முன் மதிலின் நீர்த்துளைகளில் அடைந்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்தாக வேண்டும்; இதற்கு வாரச் சேவைக் குழுவினர் பொறுப்பேற்றால் நல்லது.

எங்காவது மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் அதன் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, அலுவலகத்தில் சொல்லுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டி நீண்டால் பொறியாளரை அழைத்துக் காட்டுவோம்; நீளாமல் நின்றால் அடுத்த பெயிண்டின்போது பட்டி வைத்து அடைத்துவிடலாம்.

திருப்பணிக் குழு