விசுவாசக் குறைவு என்று சொல்லப்பட்ட ஒரு தங்கைக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய நாள்முதல் உன் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களில் சிலர், ஜெபத்தோடு ஒரு தீர்ப்பையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதோ இருக்கிறது என்றாராம் ஒருவர். உண்மையான விசுவாசம் இருந்திருந்தால் இத்தனை உபவாச ஜெபங்களுக்குப் பிறகு சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்றாராம் இன்னொருவர். அதைக் கேட்டபிறகு முழங்காலில் நின்றாலே அழுகைதான் வருகிறது, ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, இதுதான் அவிசுவாசமா என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டு ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், உன் சம்மதத்தோடு எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

இல்லை, அது அவிசுவாசம் அல்ல. அப்படிச் சொல்ல வேதமே எனக்கு இடம் கொடுக்கிறது.

பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவைப் பற்றி நம் சபைகளில் பேசும்போது முதல் அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் வாசித்துவிட்டு நடுவிலிருக்கும் ஏறக்குறைய நாற்பது அதிகாரங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன அதே யோபு, மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். தேவன் தன்னோடு ஏன் வழக்காடுகிறார் என்று அவரிடமே கேட்கிறான். அவனைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தவுடன், குற்றமில்லாதவன் எவனாவது அழிந்ததுண்டா என்று எலிப்பாஸ் கேட்கிறான். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று பில்தாத் சொல்கிறான். பிள்ளைகளை இழந்த தகப்பனிடம் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. உன் வீட்டில் பேசப்பட்டவையும் அதே வார்த்தைகள்தாம் என்பதை நீ கவனிக்க வேண்டும். ஆனால் புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் யார்மேல் மூளுகிறது? புலம்பி, கேள்வி கேட்டு, வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தேவனுக்கு வக்காலத்து வாங்கி, துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன சிநேகிதர்மேல்தான். தம்மைக் குறித்து யோபு பேசியதுபோல அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று தேவனே சொல்கிறார் (யோபு 42:7). அவர்கள் பலி செலுத்தியபோது அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியவனும் யோபுவாகத்தான் இருந்தான்.

ஜெபத்தில் அழுகை மட்டுமே வருகிறது என்கிறாய். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றுள் பெரும்பாலானவை கண்ணீரில் தொடங்கித் துதியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதமோ அப்படி முடிவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு கடைசி வசனம்கூட அதற்கு இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. தேவனுடைய ஜனங்கள் ஜெபமாகவே அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்திருக்கிறார்கள். அந்தச் சங்கீதக்காரன் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. தன்னைக் கைவிட்டதாகத் தோன்றுகிற தேவனையே நோக்கிக் கூப்பிடுகிறான். கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரும் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷரிடம் மறைக்காமல் சொன்னார். பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சங்கீதத்தின் புலம்பலையே தம் ஜெபமாக்கினார். அவரிடமே விசுவாசக் குறைவு இருந்தது என்று சொல்லத் துணிகிறவர் எவரும் இல்லையே. அப்படியிருக்க, உன் கண்ணீரை மட்டும் ஏன் குற்றமாக எண்ண வேண்டும்?

விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்கிறவர்களுக்கு எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டு. விசுவாசத்தினாலே சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்" என்று 34-ஆம் வசனம் சொல்கிறது. அதே விசுவாசத்தினாலே வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று 37-ஆம் வசனம் சொல்கிறது. இரு கூட்டத்தாரும் ஒரே பட்டியலில், ஒரே நற்சாட்சியோடு நிற்கிறார்கள். பவுலையும் பார். எபேசுவில் அவருடைய உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோதே வியாதிகள் நீங்கின. அதே பவுல், தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). ஏன் சுகமாகவில்லை என்பதற்கு ஒரு விளக்கமும் இல்லை, துரோப்பீமுவின்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் தாமே மூன்று தரம் வேண்டிக்கொண்டபோது கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான். முள் அப்படியே இருந்தது.

நம் திருநெல்வேலி ஜில்லாவிலேயே நடந்த ஒன்றையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டிருப்பாய். 1867-இல் அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்து, கோயிலுக்கு விடப்பட்ட சிறுமிகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் தாயாக இருந்தவர். ஞாயிறு பள்ளியில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளை மீட்ட கதைகளோடு நின்றுவிடுகின்றன. 1931 அக்டோபரில், மருத்துவப் பணிக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓர் இடத்தைப் பார்க்கக் களக்காட்டுக்குச் சென்றபோது, மாலை மங்கலில் குழி தெரியாமல் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ 1951 ஜனவரி 18-இல் மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அந்த ஓர் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆட்கள் குறைவா? டோனாவூர் முழுவதும் அவருடைய பிள்ளைகள்; ஜெபமே அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்த இடம் அது. அறிக்கையிடாத பாவம் என்றும் விசுவாசக் குறைவு என்றும் சொல்லிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைய யாருக்கு மனம் வந்திருக்கும்?

அந்தப் படுக்கையிலிருந்து அவர் பல புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளிகளுக்கென்றே எழுதப்பட்டது. நோயுற்றவர்களுக்காக நலமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் வார்த்தைகள் தன் மனத்தைத் தொடவில்லை என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. இத்தனை பெரிய விசுவாசி ஒருவர் இதை வெளிப்படையாக எழுதியது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அவருடைய வலியை ஓர் அழகான காரியமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை; வலி வலிதான். சுகம் மறுக்கப்பட்ட ஒரு வாழ்க்கையைத் தேவன் தள்ளிவிடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் சபைகளின் சாட்சி நேரத்தைக் குறித்து எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுகம் கிடைத்தவரும் வேலை கிடைத்தவரும் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்; அது நல்லதுதான், அவர்களோடு சேர்ந்து நானும் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் "இன்னும் சுகமாகவில்லை, இன்றைக்கும் அவரைப் பற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்கிறவருக்கு நாம் ஒலிபெருக்கியைக் கொடுப்பதில்லை. அதனால்தான் உன்னைப் போன்றவர்களுக்கு, நாம் மட்டும்தான் இப்படி இருக்கிறோம் என்று தோன்றிவிடுகிறது.

இனி, மிகவும் அவசரமான காரியம் ஒன்று. டயாலிசிஸை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்கு ஒரு நிமிடம்கூடச் செவிகொடுக்காதே. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒரு முறை தவறினாலே இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டக்கூடும். சாகும் தறுவாயில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பதாக வாக்களித்த அதே தேவனுடைய தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பவுலோடு கடைசிவரை இருந்தவர் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா". வாரத்துக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நான்கு மணி நேரம் உன் கணவருடைய இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அந்த இயந்திரமும் தேவன் மனிதருக்குத் தந்த ஞானத்தின் பலன் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். அதற்காக ஸ்தோத்திரம் செலுத்துவதும் விசுவாசந்தான்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேள், நாங்களும் கேட்கிறோம்; தேவனால் கூடாதது ஒன்றுமில்லை. ஆனால் அவர் தரும் பதிலைக் கொண்டு உன்னை நீயே நியாயந்தீர்க்காதே. வார்த்தை வராத நாட்களில் சும்மா உட்கார்ந்திரு. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அதுவும் முடியாவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசி, அதுவே போதும்.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பேசியிருக்கிறேன். டயாலிசிஸ் நாட்களில் மதியச் சாப்பாடு ஒரு வீட்டிலிருந்து வரும். உப்பு குறைத்துச் சமைக்க வேண்டும், காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், மற்றபடி உங்கள் மருத்துவர் சொன்ன அளவுகளை நீ எழுதிக் கொடு. பார்க்க வருகிறவர்கள் அன்பினால் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருகிறார்கள், இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்று போதகர் ஐயா அறிவிப்பில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் மருத்துவமனையில் உன் கணவரோடு இருப்பார். அந்த நான்கு மணி நேரமும் நீ வீட்டில் தூங்கு, சின்னவளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஆண்டவருக்குள்,
உன் அக்கா