நல் (null) செக் போட்டால் க்ராஷ் தீராது

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது தானே பேப்பர் படிக்கிறார், நீ விசாரித்ததாகச் சொன்னேன். உன் மகளுக்கு இடம் கிடைத்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் புரோகிராம் க்ராஷ் ஆகி விழும் விஷயம். நீ அனுப்பிய டம்ப்பை, அதாவது விழுந்த நேரத்து மெமரியின் நகலைத் திறந்து பார்த்தேன். விழுந்தது என்னவோ உன் ஃபங்ஷனில்தான், ஆனால் பாயிண்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) இருக்கவேண்டிய எட்டு பைட்டிலும் 20 20 20 என்று வரிசையாக நிற்கிறதே, கவனித்தாயா? எழுத்துகளை எண்ணாகக் குறிக்கும் ஆஸ்கியில் அது ஸ்பேஸ். எதையோ குறிப்பிட்ட நீளத்துக்குக் கொண்டுவர ஸ்பேஸ் நிரப்பிக்கொண்டே போன புரோகிராம் கோட், தனக்கு ஒதுக்கிய இடமான பஃபரைத் தாண்டி உன் ஆப்ஜெக்ட் மேலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பக்கம் அப்படி நிரப்பும் இடமே இல்லை என்றால், என் சந்தேகம் வெளியே வாங்கிய, சோர்ஸ் கோட் இல்லாத அந்த லேபிள் லைப்ரரி மேல்தான்.

உன் மேனேஜர் சொல்கிறார் என்று எல்லா இடத்திலும் நல் செக் (பாயிண்டர் வெறுமையாக இருக்கிறதா என்ற சோதனை) போடாதே. இந்த பாயிண்டர் நல் இல்லையே, செக்கைத் தாண்டி வந்துதான் விழும். அதைவிட மோசம், ஒருநாள் விழாமலே தப்பான தொகையை டேட்டாபேஸில் எழுதிவிட்டுப் போகும். அதற்கு க்ராஷே மேல்.

முதலில் இப்படித் தாண்டி எழுதும் கையைப் பிடி. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கம்பைல் செய்யும்போதே சோதனைகளைச் சேர்ப்பது, அதனால் சோர்ஸ் இல்லாத லைப்ரரிக்குள் நடப்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. நீ விண்டோஸில்தானே இருக்கிறாய், அதன் டீபக் கருவியான ஜிஃப்ளாக்ஸில் முழு பேஜ் ஹீப்பை ஆன் செய். 1987இல் புரூஸ் பெரன்ஸ் எழுதிய எலக்ட்ரிக் ஃபென்ஸின் வழிதான் இதுவும்: ஒதுக்கப்படும் ஒவ்வொரு மெமரித் துண்டுக்குப் பின்னாலும் தொடமுடியாத ஒரு மெமரி பேஜ் இருக்கும், அதில் கை வைத்த வரியிலேயே புரோகிராம் நின்றுவிடும். அலைன்மென்ட் இடைவெளியில் சில பைட் தப்பலாம், மெமரியையும் தாராளமாகத் தின்னும், அதனால் டெஸ்ட் மெஷினில் மட்டும் ஓட்டு. அப்போது கிடைக்கும் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) காட்டினால் விற்றவர்கள் மறுக்க முடியாது.

அப்புறம், அவர்கள் திருத்தித் தந்தாலும் அந்த லைப்ரரியைத் தனி பிராசஸில் தள்ளிவிடு. கெடுத்தால் தன் மெமரியைத்தான் கெடுக்கும். ஃபயர்பாக்ஸ் 2021 டிசம்பரில் வந்த 95ஆம் பதிப்பில் எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் போன்ற லைப்ரரிகளை தனி பிராசஸ்கூட இல்லாமல், தன் எல்லைக்கு வெளியே மெமரியைத் தொடவிடாத வெப்அசெம்ப்ளி வழியாகக் கம்பைல் செய்து அடைத்துவைத்தார்கள். உள்ளேயிருந்து வரும் மதிப்பைச் சரிபார்க்காமல் எடுத்தால் கம்பைலரே விடாது. அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. நீயும் திரும்பி வரும் நீளம், எண்ணிக்கை எதையும் சோதிக்காமல் எடுக்காதே.

பேஜ் ஹீப்போடு ஓட்டியதும் ஸ்டாக்கை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்