குறைமாசக் குழந்தையோட கண்ண 30 நாளுக்குள்ள பாத்தாகணும், இத அம்மாச்சிங்ககிட்டயும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பச்சக்குழந்தை பராமரிப்பு பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க. தடுப்பூசி அட்டவணை, தாய்ப்பால், இணை உணவு எப்ப ஆரம்பிக்கணும்ங்கறது எல்லாம் தெளிவா இருந்துச்சு, எங்க தெருவுல பிரசவம் ஆன வீட்டுக்கெல்லாம் அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிவிட்டேன். ஆனா கண்ணு பத்தி ஒரு வரி கூட இல்லைங்க. பச்சக்குழந்தைங்க ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவ நான், அதனால இத எழுதாம இருக்க மனசு வரல. பெருசா வந்துச்சுன்னா குறைச்சுப் போட்டுக்கோங்க, ஆனா அந்த 30 நாள் விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

குறைமாசத்துல பிறந்து பெட்டியில வச்சு காப்பாத்துற குழந்தைங்களுக்கு ஆர்ஓபின்னு ஒரு கண் நோய் வரும். வயித்துல குழந்தைக்கு 16 வாரம் ஆகும்போதுதான் விழித்திரையில, அதாவது கண்ணுக்குப் பின்பக்கம் இருந்து பாக்குறத உணர்ற சவ்வுல, ரத்தக்குழாய் நடுவுலேர்ந்து கிளம்பி ஓரத்தப் பாத்து வளர ஆரம்பிக்குது, அது ஓரம் வரைக்கும் போய்ச் சேர கிட்டத்தட்ட 40 வாரம் ஆகிடும், அதாவது பிரசவத்துக்குக் குறிச்ச தேதி வரைக்கும் அந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கு. 28 வாரத்துலயோ 30 வாரத்துலயோ பிறந்துடுற குழந்தைக்கு அது பாதியில நின்னுடுது. வெளிய வந்ததும் மூச்சுக்காக ஆக்சிஜன் குடுக்கறோம், வயித்துக்குள்ள இருந்தத விட ரத்தத்துல ஆக்சிஜன் ஏறிடுது, ரத்தக்குழாய் வளர்றது நின்னு போகுது. அப்புறம் சில வாரம் கழிச்சு ரத்தம் போய்ச் சேராத ஓரப்பகுதி பட்டினியாக் கெடந்து, கண்ட மாதிரி புதுக்குழாய்ங்கள வளர வைக்குது. அதுங்க கசிஞ்சு தழும்பாகி விழித்திரையவே இழுத்துப் பிச்சு எடுத்துடும். அந்த நெலமைக்குப் போயிட்டா பெரிய ஆபரேஷன் பண்ணாக் கூட பார்வை திரும்புறது ரொம்ப அபூர்வம்.

இத 1942லயே அமெரிக்காவுல டெரின்னு ஒரு கண் டாக்டர் எழுதி வச்சிருக்காரு. அங்க அப்ப பெட்டிக்குள்ள ஆக்சிஜன தாராளமா திறந்து விட்டதுல ஆயிரக்கணக்கான குழந்தைங்களுக்குப் பார்வை போச்சு, 1950ல ஆறு வாரம் முன்னாடியே பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் கண்ணு போனதும் இதனாலதான். அதுக்காக ஆக்சிஜனே குடுக்கக் கூடாதுன்னு யாரும் நினைச்சுடாதீங்க, அது இல்லன்னா குழந்தையே இல்ல. அளவோட, ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் மெஷின்ல 90லேர்ந்து 95 சதவீதத்துக்குள்ள நிக்கிற மாதிரி பாத்துக் குடுக்கணும், அத ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாக்குறதுதான் எங்க வேலையே. அப்படிப் பாத்துப் பாத்துக் குடுத்தாலும் ரொம்ப சின்னக் குழந்தைங்க சிலதுக்கு ஆர்ஓபி வரத்தான் செய்யுது, அதனாலதான் பரிசோதனைய விடவே கூடாதுன்னு சொல்றேன்.

யாருக்குப் பாக்கணும்னா, நம்ம நாட்டு விதிப்படி 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தை இல்லன்னா 2 கிலோவுக்குக் கீழ பிறந்த குழந்தை, எல்லாத்துக்கும் பாத்தே ஆகணும். 34லேர்ந்து 36 வாரத்துல பிறந்திருந்தாலும் ரொம்ப நாள் ஆக்சிஜன்ல இருந்துச்சு, கிருமித்தொத்து வந்துச்சு, ரத்தம் ஏத்துனாங்கன்னா அதுக்கும் பாக்கணும். முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள்ள முடிஞ்சிருக்கணும். 28 வாரத்துக்கும் முன்னாடி, இல்லன்னா 1200 கிராமுக்கும் கீழ பிறந்ததுன்னா ரெண்டு மூணு வாரத்துலயே பாத்துடணும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இந்த 30 நாள் எங்க வந்து விழுதுன்னு பாருங்க. பிரசவம் ஆன பொண்ணு தாய்வீட்டுக்குப் போயிருப்பா. புருஷன் ஊரு ஒரு ஜில்லா, பிரசவம் பாத்த ஆஸ்பத்திரி ஒரு ஜில்லா, அம்மா வீடு இன்னொரு ஜில்லாவுல ஒரு கிராமம். தீட்டு கழியல, குழந்தைக்குக் காத்து பட்டுரும், கண்ணு பட்டுரும், 40 நாள் ஆகாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அம்மாச்சி சொல்லிடுவாங்க. அவங்க சொல்றத நான் ஒரு நாளும் தப்பா பேச மாட்டேன், கையளவு குழந்தைய நெஞ்சோட அணைச்சு கதகதன்னு வச்சு ஒன்றரைக் கிலோவ ரெண்டு கிலோ ஆக்குறது அந்த அம்மாச்சிங்கதான், அவங்க இல்லன்னா எங்க ஐசியூ வேலையெல்லாம் வீணாப் போயிரும். ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஆர்ஓபி பத்தி நாங்க யார்கிட்ட சொல்றோம்? பில்லு கட்டுற அவசரத்துல நிக்கிற அப்பாகிட்ட சொல்றோம், இல்ல தையல் வலியோட உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட சொல்றோம், டிஸ்சார்ஜ் சம்மரியில ரெண்டாம் பக்கத்துல இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். வீட்டுல முடிவு எடுக்கறவங்க காதுக்கு அது போகவே போகாது. அப்புறம் போன் பண்ணிக் கேட்டா, இப்பத்தான் சிஸ்டர் வெயிட் ஏறுது, ரெண்டு பஸ்சு மாறி எப்படித் தூக்கிட்டு வர்றது, கண்ணு நல்லாத்தான் முழிச்சு முழிச்சுப் பாக்குது, ஒரு குறையும் இல்லம்பாங்க.

அந்த முழிச்சுப் பாக்குறதுதான் எல்லாரையும் ஏமாத்துது. ஆர்ஓபியில கண்ணு செவக்காது, பூளை தள்ளாது, தண்ணி வடியாது, குழந்தையும் அழாது, வெளிய இருந்து பாத்தா டாக்டருக்கே தெரியாது. மூணு நாலு மாசம் கழிச்சு குழந்தை மூஞ்சியப் பாத்து சிரிக்கலியே, கிலுகிலுப்பைய ஆட்டுனா திரும்பலியேன்னு சந்தேகம் வந்தோ, கருவிழிக்குள்ள வெள்ளையாத் தெரியுதேன்னோ தூக்கிட்டு ஓடி வருவாங்க, அப்ப பெரும்பாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தத் தாய்மார் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பே இருந்ததில்ல.

ஆஸ்பத்திரிக்காரங்களும் இத சட்டப்படியே தட்டிக் கழிக்க முடியாது. 1996ல சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரியில 29 வாரத்துல 1250 கிராம்ல பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஆர்ஓபி பரிசோதனை பண்ணாமலே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டு கண்ணும் போச்சு. அந்த அப்பா வருஷக்கணக்கா வழக்கு நடத்தி 2015 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபா குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துச்சு. அந்த மனுஷன் நின்னு போராடுனதாலதான் நிறைய ஆஸ்பத்திரிங்க இதுல முழிச்சுக்கிட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

பரிசோதனைக்கு யாரும் பயப்பட வேண்டியதே இல்ல. கண்ணுல சொட்டு மருந்து விட்டு கண்ணுப்பாப்பா விரியற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் சின்ன கிளிப் மாதிரி ஒண்ணு வச்சு இமைய விலக்கி லைட் அடிச்சு டாக்டர் பாப்பாரு, சில எடத்துல கேமராவுல விழித்திரைய படமே எடுத்துருவாங்க. சில நிமிஷத்துல முடிஞ்சிரும். குழந்தை வீல்னு கத்தும், வெளிய நிக்கிற பாட்டி அழுவாங்க, ஆனா முடிஞ்சு தோள்ல போட்டுத் தட்டிக் குடுத்தா சமாதானம் ஆயிடும். வயிறு முட்டப் பால் குடுத்த கையோட கூட்டிட்டுப் போகாதீங்க, கக்கிரும். முதல் நிலை, ரெண்டாம் நிலையில இருந்தா நிறையக் குழந்தைங்களுக்குத் தானாவே சரியாயிடும், வாரம் ஒரு தரமோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தரமோ வரச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. வைத்தியம் தேவைன்னு டாக்டர் சொல்லிட்டா ரெண்டு மூணு நாளுக்குள்ள லேசரோ கண்ணுக்குள்ள போடுற ஊசியோ பண்ணிடணும், அங்க போயி ஜாதகம் பாத்துட்டு வர்றேன், அமாவாசை போகட்டும்னு தள்ளக் கூடாது. நிறையப் பேரு ஏமாந்து போறது இன்னொரு எடத்துல, முதல் தரம் பாத்துட்டு இப்போதைக்கு பரவால்ல அடுத்த வாரம் வாங்கன்னா, பரவால்லன்னு சொல்லிட்டாங்கன்னு அதோட நிறுத்திடறாங்க. ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் போயிடுச்சு, இனிமே இதுக்காக வர வேண்டாம்னு டாக்டர் சொல்ற வரைக்கும் போயாகணும். அதுக்கப்புறமும் குறைமாசக் குழந்தைங்களுக்கு கிட்டப்பார்வை, மாறுகண்ணு வர்ற வாய்ப்பு கூடுதல், அதனால வருஷா வருஷம் பாக்கறது நல்லது.

நிறைமாசக் குழந்தைன்னா கவலையே இல்லையான்னு கேப்பீங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாக்டர் சின்ன டார்ச் மாதிரி கருவிய வச்சு ரெண்டு கண்ணுலயும் செவப்பு வெளிச்சம் ஒரே மாதிரி வருதான்னு பாக்கணும், பாத்தீங்களான்னு நீங்களே கேளுங்க, கேக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. பிறவியிலேயே புரை இருந்தா அதுல தெரிஞ்சிரும், சில வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணாத்தான் மூளை அந்தக் கண்ணால பாக்கக் கத்துக்கும். வீட்டுல செல்போன்ல பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல ஒரு கண்ணு செவப்பாவும் ஒரு கண்ணு வெள்ளையாவும் திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, விழித்திரையில வர்ற புத்துநோய் கூட அப்படித்தான் முதல்ல தெரியும், சீக்கிரம் புடிச்சா உயிரையும் காப்பாத்தலாம், நிறையப் பேருக்குப் பார்வையையும் காப்பாத்தலாம். மாறுகண்ணு இருந்தா அதிர்ஷ்டம்னு பெரியவங்க சொல்லுவாங்க, முதல் மூணு நாலு மாசம் அப்பப்ப கண்ணு வெலகுறது சகஜம்தான், அதுக்கு மேலயும் வெலகி இருந்தா அத அதிர்ஷ்டம்னு விட்டுட்டா அந்தக் கண்ண மூளை ஒதுக்கி வச்சிரும், அப்புறம் என்ன கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. பேசத் தெரியாத குழந்தைக்கு எப்படி டெஸ்ட் பண்ணுவாங்கன்னு கேக்கறாங்க, ஆறு மாசக் குழந்தைக்குக் கூட லைட் அடிச்சுப் பாத்தே பவர் கண்டுபுடிச்சுருவாங்க. கண்ணுல தாய்ப்பால் விடறது, வெளக்கெண்ணெய் விடறது, கண்ணுக்குள்ள மை இழுக்கறது இதெல்லாம் வேண்டாம், திருஷ்டிப் பொட்டு கன்னத்துலயும் உள்ளங்கால்லயும் வச்சுக்கோங்க, போதும்.

ஆசிரியர் அய்யா, உங்க பத்திரிகைய சுகாதாரத்துறைல இருக்கறவங்களும் படிக்கறாங்கன்னு நம்பி ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். குறைமாசக் குழந்தைய வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைக்கு எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரின்னு தமிழ்ல பெரிய எழுத்துல தடுப்பூசி அட்டை மேலயே எழுதி, கூட வந்த அம்மாச்சியையோ அப்பத்தாவையோ உக்கார வச்சு அவங்க வாயால ஒரு தரம் அந்தத் தேதிய திருப்பிச் சொல்ல வச்சு அனுப்பணும், நான் வேலை பாத்த எடத்துல அப்படிச் சொல்லி அனுப்புன குடும்பங்க பெரும்பாலும் தேதி தவறாம வந்தாங்க. ரெண்டாவது, பிரசவம் ஆன தாயையும் சேயையும் வீட்டுல கொண்டுவிட 102 வண்டி வருதுல்ல, அதே வண்டி குறைமாசக் குழந்தைங்களுக்கு மட்டுமாவது அந்த முதல் கண் பரிசோதனைக்கு வீட்டு வாசல்ல வந்து ஏத்திட்டுப் போயி திருப்பிக் கொண்டுவந்து விடணும். வண்டி வாசலுக்கு வந்து நின்னா, பஸ்சுல எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு எந்த வீட்லயும் சொல்ல மாட்டாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தேனி மாவட்டம்.