அந்த வரியை அழிக்கச் சொல்லாதீர்கள்

எங்கள் கம்பனியின் சேர்வர்களைப் பராமரிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கும், கொழும்பில் இதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் பிளேன்ரீயை வைத்துவிட்டு, வழக்கம்போல எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பான இணைப்பில் நுழையும் வழி) வழியாக சேர்வருக்குள் நுழையப் பார்த்தேன். திரையில் அட் குறிகளால் கட்டிய ஒரு பெட்டி. தொலைவில் உள்ள கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை. யாரோ கெட்ட வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று அதற்குக் கீழே ஒரு வரி. என் கணினியில், தெரிந்த சேர்வர்களின் அடையாளங்களைக் குறித்து வைக்கும் 'நோன் ஹோஸ்ட்ஸ்' கோப்பின் 14ஆவது வரி பொருந்தவில்லை என்று கடைசியில் ஒரு தகவல்.

உடனே போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்த தம்பி அரை விநாடி கூட யோசிக்கவில்லை.

“அது அப்படித்தான் அண்ணா வரும். அந்த வரியை அழிச்சுப்போட்டு யெஸ் அடியுங்கோ.”

“ஏன் தம்பி மாறினது?”

“தெரியேல்ல அண்ணா. எல்லாருக்கும் வருது.”

இந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இந்த மடல். எல்லோருக்கும் வருகிறது என்பதில் என்ன ஆறுதல்? உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்து உட்கார்ந்திருந்தாலும் எல்லோருக்கும்தான் வரும்.

அந்த அடையாளத்துக்குப் பெயர் 'ஹோஸ்ட் கீ'. கீ என்றதும் நாங்கள் திறப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். கதவு திறக்கிற திறப்பு இல்லை அது, சேர்வருடைய ஐசி, அடையாள அட்டை. போர்க்காலத்தில் செக்பொயின்றில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே இடம் மாறி நடக்கிறது: நாங்கள் கேட்கிறோம், சேர்வர் காட்டுகிறது. (ஒரு தடவையாவது அந்தப் பக்கம் நிற்கக் கிடைத்திருக்கிறது. அதையும் யெஸ் அடித்து விட்டுவிடச் சொல்கிறீர்கள்.) முதல் தடவை காட்டும்போது என் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை வேறு அட்டை காட்டினால் கத்துகிறது. அவ்வளவுதான் சங்கதி.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து யிலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அந்த வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேர்த்த பிறகுதான். இப்போது இடையில் ஒட்டுக்கேட்க முடியாது, சரி. ஆனால் மறுமுனையில் இருப்பதே பிழையான ஆள் என்றால், ரகசியத்தை அவனிடமே பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததாக முடியும். நான் கடவுச்சொல் போடுவதில்லை, என் சொந்தக் கீ வைத்துத்தான் நுழைகிறேன் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் கீ அவனிடம் போகாது, உண்மை. உள்ளே போனதும், நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் சுடோவுக்கு அடிக்கும் கடவுச்சொல் போகுமே.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. சனிக்கிழமை இரவு டிஸ்க் பழுதாகி, உங்களில் ஒருவர் கண் விழித்து எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டோல் செய்திருக்கிறார். புது இன்ஸ்டலேஷன் என்றால் புது கீ. ஆபத்து ஒன்றும் இல்லை, நல்ல வேலைதான் செய்திருக்கிறார். ஒரு மெசேஜ் போடத்தான் மறந்துவிட்டார்.

ஆனால் அதற்கு முந்தி ஒரு தடவை இதே பெட்டி என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு, டெஸ்ட் சேர்வரின் ஐபி முகவரி வேறொரு இயந்திரத்துக்குப் போயிருந்தது. எல்லா இயந்திரத்திலும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். (அதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.) அன்றைக்கு வரியை அழித்து யெஸ் அடித்திருந்தால், டேட்டாபேஸை வெறுமையாக்கும் என் ஸ்கிரிப்ட் கணக்குப் பிரிவின் இயந்திரத்தில் ஓடியிருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்று இருக்கிறது, அது சத்தமே போடாது. ஒரு இயந்திரத்தை அச்சாக வைத்துப் பத்துப் பிரதி எடுக்கிறீர்கள். அச்சில் இருந்த ஹோஸ்ட் கீயை முதலில் அழிக்காவிட்டால் பத்துக்கும் ஒரே ஐசி. அதில் ஒன்றில் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் கிடைத்தவன் மற்ற ஒன்பதாகவும் வேஷம் போடலாம், யாருடைய திரையிலும் பெட்டி வராது.

சரி, பெட்டி வந்தால் என்ன செய்வது? சேர்வர் இப்போது காட்டிய கீயின் கைரேகையை (கீயிலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியை) அந்தப் பெட்டியே சொல்கிறது: எஸ்எச்ஏ256 என்று தொடங்கி, அதற்குப் பிறகு 43 எழுத்து. சேர்வரின் முன்னால் இருப்பவரோ, கிளவுட் என்றால் அதன் கொன்சோலில் இருப்பவரோ, அதே வகைக் கீயின் பப்ளிக் கோப்பை 'எஸ்எஸ்எச் கீஜென்' கட்டளைக்குச் சின்ன எல் போட்டுக் கொடுத்தால் அதே 43 எழுத்து வர வேண்டும். சந்தேகத்துக்குரிய அதே இணைப்பால் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று விடுவதும் வேண்டாம்.

பொருந்தினால்தான் பழைய வரியை எடுக்க வேண்டும். அதையும் கையால் தேடாதீர்கள். உபுண்டுவில் சேர்வர் பெயர்கள் உருமாற்றித்தான் எழுதப்பட்டிருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. அதே கீஜென்னுக்குப் பெரிய ஆர் போட்டு சேர்வர் பெயரைக் கொடுத்தால் அதுவே எடுத்துவிடும், பழைய கோப்பின் பிரதியையும் வைத்திருக்கும். வழக்கமான 22 அல்லாத போர்ட் என்றால் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, போர்ட் எண்ணையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு அரை நாள் மண்டையை உடைத்தவன் நான். விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைப் பாவிக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்பு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். அப்புறம் மறுபடி இணையும்போது, எஸ்எஸ்எச்சின் பரவலான வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்புகளில் யெஸ் அடிக்க வேண்டிய இடத்தில் கைரேகையையே ஒட்டலாம். அது தானே ஒப்பிட்டுப் பார்க்கும், எங்கள் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

2023 மார்ச் 24 அன்று புரோகிராமர்கள் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் இரகசியப் பகுதி கொஞ்ச நேரம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் தெரிந்துவிட்டதாம். பழைய ஆர்எஸ்ஏ கீயைக் குறித்து வைத்திருந்த கணினிகள் எல்லாம் இதே பெட்டியைக் காட்டின. ஆனால் புதிய கைரேகையை அவர்கள் வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஒப்பிட்டவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

நான் உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். இன்னும் சுலபமான வழியும் உண்டு: மறு இன்ஸ்டோல் செய்யும்போது பழைய ஹோஸ்ட் கீக்களை எடுத்து வைத்துப் புதியதில் போட்டால் யாருக்கும் பெட்டி வராது. (களவு போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் போடாதீர்கள்.) இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்களில் சரிபார்ப்பை 'நோ' என்று அணைத்து வைத்திருக்கிறீர்கள், கண்டேன். 2017இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 பதிப்பிலிருந்து 'அக்செப்ட் நியூ' என்று ஒன்று இருக்கிறது: புது சேர்வரை ஏற்கும், மாறிய சேர்வரை மறுக்கும். அதைப் போடுங்கள். நூறு சேர்வர் வைத்திருப்பவர்கள் ஹோஸ்ட் சான்றிதழ் (எல்லா சேர்வரின் ஹோஸ்ட் கீக்கும் நம்பகமான ஒரே கீயால் ஒப்பமிடும் முறை) பக்கம் போகலாம்; 2010இலிருந்தே அந்த வசதி இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை இரவு மெயில் சேர்வரை மாற்றப் போகிறீர்கள் என்று கேள்வி. ஞாயிறு பின்னேரத்துக்குள் அந்த 43 எழுத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். திங்கள் காலை எட்டரைக்கு நான் போன் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சேர்வருக்குள் தினமும் வந்துபோகும் ஓர் அண்ணன்
வெள்ளவத்தை