பணமா, பண ஆசையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஓர் ஆட்டோவின் பின்னால் 'பணமே எல்லாத் தீமைக்கும் வேர் - பைபிள்' என்று எழுதியிருந்தது. இதை மேடைப் பேச்சிலும் கேட்டிருக்கிறேன். பைபிளில், இயேசுவின் தொண்டரான பவுல் தன் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் (6:10) இருப்பது 'பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது' என்பதுதான். ஒரு சொல் விழுந்ததில் பாவம், பணம் குற்றவாளியாகிவிட்டது!

'தனக்குத் தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார்' என்பதும் அப்படியே. பைபிளில் எங்கும் இல்லை. ஈசாப் கதையில்தான் அந்தச் சாயல் உண்டு. ஏவாள் தின்றது ஆப்பிள் என்பார்கள். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் கனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 'கேளுங்கள், தரப்படும்' மட்டும் சரியாகவே புழங்குகிறது (மத்தேயு 7:7).

பைபிள் ஒரே ஆள் எழுதிய புத்தகமும் அல்ல. எபிரேயம், கொஞ்சம் அரமேயம், கிரேக்கம் எனப் பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட தொகுப்பு. புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கர்களுக்கு 73. தமிழில் பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு முதலில் தரங்கம்பாடியில் அச்சானது, 1714-15இல். அப்புறம் ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு இங்கே பக்கத்தில், வேப்பேரியில் அச்சேறியது. 1761இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சு இயந்திரம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இயேசுவின் சீடர் பேதுருவின் பழைய தமிழ்ப் பெயரான ராயப்பரிலிருந்தே ராயபுரம் என்ற பெயர் வந்ததாகவும் சொல்வார்கள்.

அந்த ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "இடம் பத்தல சார், அதான் ஆசைய விட்டுட்டேன்" என்றார்.

- ஒரு வாசகர், ராயபுரம், சென்னை - 13