மார்ச் 31க்குள் 17 லட்சம்: ஆர்மீனிய ஆய்வு ஃபெலோஷிப்புக்கு ஒரு வேண்டுகோள்

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு மார்ச் 31. அதற்குள் வைப்புநிதியாக 60 லட்சம் ரூபாயை முழுதாகக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஃபெலோஷிப்புக்குக் கிடைத்த ஒப்புதல் காலாவதியாகிவிடும், மறுபடி மனு, மறுபடி கூட்டம், மறுபடி கோப்பு. கையில் இருப்பது 43 லட்சம். துண்டு விழுவது 17 லட்சம்.

புதிதாகக் கேட்பவர்களுக்காக: ஒரு காலத்தில் மதராஸில் வணிகம் செய்து வாழ்ந்த ஆர்மீனியர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளை அவர்கள் மொழியிலேயே படித்து ஆராயவும், மாணவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு எடுக்கவும் ஓர் இளம் ஆய்வாளருக்கு மாதம் 35,000 ரூபாய். ஆண்டுக்கு 4,20,000. 60 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் கணக்கு சரியாக வந்துவிடும், அசலில் கை வைக்க வேண்டாம். யெரெவானில் மாட்டெனதரான் சுவடிக்காப்பகத்துக்குப் போய்வரும் செலவு தனி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னைக்கும் ஆர்மீனியர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எங்கள் குழுவின் மூத்தவர்களுக்குக் கோபமே வந்துவிடுகிறது. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று நம் ஜனங்கள் சொல்லும் ஆர்மீனியன் தெருவில் கன்னி மரியாள் கோயில் இருக்கிறதே, இப்போதுள்ள கட்டடம் 1772இல் எழுந்தது. அதே 1772இல்தான் ஷஹாமிர் ஷஹாமிரியான் என்ற வணிகர் இந்த ஊரில் ஆர்மீனிய அச்சுக்கூடம் வைத்தார், வைத்ததோடு நிற்காமல், அப்போது சொந்த அரசே இல்லாத தம் நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டத்தையும் இங்கே அச்சிட்டார். 1794 அக்டோபரில் உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ வெளிவந்ததும் இங்கேதான். நடத்தியவர் ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியான். 18 இதழ்களோடு 1796இல் நின்றுபோயிற்று. அவர் 1824இல் காலமாகி அந்தக் கோயில் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்.

மதராஸ் ஆர்மீனியர்களில் இன்னொருவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற வணிகர். பரங்கிமலையில் நாம் ஏறும் படிகள் அவர் செய்த தர்மம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் முதல் பாலம் கட்டியவரும் அவரே. 30,000 வராகன் தம் கையிலிருந்து போட்டுக் கட்டியதோடு, பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் எழுதிவைத்தார். நாங்கள் ஓராண்டு உதவித்தொகை கேட்காமல் வைப்புநிதி கேட்பதும் அதற்காகத்தான். ஓர் ஆய்வாளர் வந்து எழுத்தைக் கற்று முடிக்கும்போது பணம் தீர்ந்துபோனால் யாருக்கு லாபம்?

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாக்கள் எழுதியது, அதில் ஆர்மீனியர் வரி கட்டுகிறார், வழக்கு போடுகிறார், அவ்வளவுதான் தெரியும். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களும் கணக்குகளும் ஈரானில் இஸ்பஹானை அடுத்த ஆர்மீனியக் குடியிருப்பான புதிய ஜுல்ஃபாவின் வணிகர் பேச்சுவழக்கில் இருக்கின்றன. 1748இல் ஆங்கிலேயர் பிடித்த சாந்தா கத்தரீனா என்ற கப்பலில் கிடைத்த, கட்டுக்கட்டான அப்படிப்பட்ட கடிதங்கள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. இன்றைய ஆர்மீனியம் தெரிந்தவரே அந்தப் பேச்சுவழக்கைப் படிக்கத் திணறுவார். நம் ஊரில்? அஸ்தராரின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து ‘சென்னையின் பெருமை’ என்று வாட்ஸாப்பில் அனுப்ப ஆயிரம் பேர் இருக்கிறோம், அதில் ஒரு வரியைப் படித்துச் சொல்ல எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதுவரை தந்தவர்களை மறக்க முடியாது. தம் ஓய்வூதியத்தில் மாதம் 500 ரூபாய் தவறாமல் அனுப்பும் திருவல்லிக்கேணி தமிழாசிரியை அம்மாவுக்கு, உண்டியல் வைத்து வசூலித்துத் தந்த பாரிமுனை காகிதக் கடைக்காரர்களுக்கு, பேத்தி கல்யாணச் செலவில் மிச்சம் பிடித்து ஒரு லட்சம் தந்து பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன அந்தப் பெரியவருக்கு, கொல்கத்தாவிலிருந்து அனுப்பிய ஆர்மீனியக் குடும்பத்துக்கு, முதல் கூட்டத்துக்கு நாற்காலியும் காபியும் இலவசமாகத் தந்த மண்டபக்காரருக்கு, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ அந்தச் சாமி உங்கள் குடும்பத்தை நன்றாக வைக்கட்டும்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தோமே, நினைவிருக்கிறதா? அதே ஹார்வர்டில் ஆர்மீனிய இருக்கைக்காக அங்கிருந்த ஆர்மீனியர்கள் 1955இலேயே சங்கம் வைத்து வசூலில் இறங்கினார்கள், 1969இல் பேராசிரியர் வந்து அமர்ந்தார். அவரவர் மொழிக்கு அவரவர் செய்தது சரி. நம் ஊரில் பாலமும் படியும் கட்டிவிட்டுப் போனவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

500 ரூபாயானாலும் அனுப்புங்கள், வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது உண்டு. டிசம்பர் கூட்டத்தில் கை தூக்கித் தொகை சொன்னவர்கள் கணக்கில் மட்டும் 5,50,000 ரூபாய் இன்னும் வரவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, இந்த வாரமே ஒவ்வொருவரையும் அழைக்கப்போகிறார். தயவுசெய்து போனை எடுங்கள்.

இப்படிக்கு,
நிதி திரட்டும் குழுவினர்