இழுத்தா மாறாத வரிசை: வெப் டிசைன் டூல் செய்யறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. கோடு எழுதாமலே வெப்சைட் கட்டலாம்னு டூல் செஞ்சு குடுக்கற எல்லா டீமுக்கும் சேர்த்துதான் எழுதறேன், இந்த ஒரு விஷயத்துல நெறைய பேர் ஒரே மாதிரி சொதப்பறதால யாரையும் தனியா பேர் சொல்லல.

ஒரு பட்டனுக்கு மூணு கிளாஸ் (தோற்றத்துக்கான விதிகளச் சேத்து வச்ச பேரு) போட்டா உங்க பேனல்ல மூணு சின்னக் கட்டமா வந்து நிக்கும். பட்டன், நெருக்கம், நீலம்னு வச்சுக்கங்க. பாக்கறவன் என்ன நெனைப்பான், கடைசில இருக்கறதுதான் ஜெயிக்கும்னுதானே? போதாததுக்கு சில டூல்ல அந்தக் கட்டத்தப் புடிச்சு இழுத்து இடம் மாத்தவும் விடறீங்க. இழுத்துப் பாத்தா ஸ்கிரீன்ல ஒரு பிக்சல் கூட நகராது.

எப்படி நகரும்? பக்கத்தோட எச்டிஎம்எல் கோடுல கிளாஸ் பேர முன்னாடி பின்னாடி எப்படி எழுதினாலும் பிரவுசருக்கு ஒண்ணுதான். பட்டன்ல பேடிங் (எழுத்தச் சுத்தி உள்ள விடற இடைவெளி) 16 பிக்சல், நெருக்கத்துல 8ன்னா, ரெண்டுக்கும் ஸ்பெசிஃபிசிட்டி (எந்த விதிக்கு பலம் ஜாஸ்தின்னு பிரவுசர் போடற கணக்கு) சமமா இருக்கறதால, விதியெல்லாம் எழுதி வச்ச ஸ்டைல்ஷீட்ல எது கீழ எழுதியிருக்கோ அதுதான் நிக்கும். தோற்றத்தச் சொல்ற மொழியான சிஎஸ்எஸ் 1996ல முதல்ல வந்தப்பவே இதான் விதி. (கிளாஸ் பட்டியல் எந்தப் பேர்ல ஆரம்பிக்குதுன்னு பாத்துத் தேடற விதி இருந்தா மட்டும் கதை வேற.)

அந்த ஸ்டைல்ஷீட் வரிசையத்தான் நீங்க கண்ணுலயே காட்டறதில்ல. எந்தக் கிளாஸ எப்ப உருவாக்கினோமோ அந்த வரிசைல உள்ள சத்தமில்லாம எழுதிக்கிட்டே போறீங்க. நெருக்கத்த ஏதோ கார்டுக்காக (பக்கத்துல வர்ற தகவல் பெட்டி) மொதல்ல செஞ்சுட்டு பட்டன அப்புறமா செஞ்சா, அந்த 8 பிக்சல் பட்டன்ல வரவே வராது. கடைசில ஜனங்க என்ன பண்றாங்க தெரியுமா, கிளாஸ அழிச்சுட்டு அதையே புதுப் பேர்ல திரும்ப உருவாக்கறாங்க, அப்பதான் அது அடிக்குப் போகும்! இல்லன்னா கஸ்டம் கோடு பெட்டில இம்பார்ட்டன்ட் (சாதா விதிகள மீறி இதையே எடுத்துக்கன்னு சொல்ற குறி) போட்டு ஒரே அடி.

ரெண்டையும் ஒட்டி காம்போ கிளாஸ் ஆக்கிக் குடுக்கற டூல்ல ஸ்பெசிஃபிசிட்டி ஏறிடறதால பட்டன் பிரச்சனை தீந்துடும், சரி. ஆனா அந்த நெருக்கம் பட்டனோட மட்டும்தான் வேலை செய்யும், கார்டுக்கு இன்னொண்ணு, மெனுவுக்கு இன்னொண்ணுன்னு பெருகிக்கிட்டே போகும்.

டெயில்விண்ட்னு ரெடிமேட் கிளாஸ் தொகுப்பு குடுக்கறவங்க, கோட ஒழுங்குபடுத்தற பிரிட்டியர் டூலுக்கு ஒரு பிளகின் விட்டாங்க பாருங்க, சிஎஸ்எஸ் ஃபைல்ல எந்த வரிசையோ அதே வரிசைல கிளாஸ் பேர அதுவே அடுக்கிடும், அதனால படிக்கறதும் நடக்கறதும் ஒண்ணா இருக்கும். உங்க பேனல்லயும் கட்டங்கள அப்படியே அடுக்குங்க. இழுக்க விடணும்னா நெஜமாவே ஸ்டைல்ஷீட்ல இருக்கற ரூல நகத்துங்க. ஆனா அந்த வரிசை ஒரு பட்டனுக்கானது இல்ல, முழு சைட்டுக்கும் பொதுவானது, ஒண்ண நகத்தினா நாம தொறந்தே பாக்காத ஏதோ பக்கத்துல வேற எதாவது கோணலாகும், அதனால நகத்தறதுக்கு முன்னாடியே எந்தெந்தப் பக்கம் மாறும்னு காட்டிடுங்க.

இன்னும் நல்ல வழி கேஸ்கேட் லேயர், அதாவது விதிகள அடுக்கடுக்கா பிரிச்சு பின்னாடி வர்ற அடுக்க ஜெயிக்க விடற சிஎஸ்எஸ் வசதி. 2022லயே குரோம் 99, ஃபயர்ஃபாக்ஸ் 97, சஃபாரி 15.4 எல்லாத்துலயும் வந்தாச்சு. அடிப்படை கிளாஸுக்கு ஒரு லேயர், மாத்தி அமைக்கற கிளாஸுக்கு அதுக்கு அப்புறம் ஒரு லேயர்னு வச்சுட்டா, நெருக்கத்த என்னிக்கு உருவாக்கினாலும் பட்டன ஜெயிச்சுடும். இம்பார்ட்டன்ட் போட்டா லேயர் வரிசை தலைகீழாகும், அத மட்டும் பேனல்லயே சொல்லிடுங்க.

இதெல்லாம் பெரிய வேலை, ஒரு வெர்ஷன்ல முடியாதுன்னு புரியுது. அதுவரைக்கும் அந்தக் கட்டத்த இழுக்கற வசதியவாவது எடுத்துடுங்க.